பறவைக்குப் பழம் வைப்பவர்கள் சாயங்காலம் தட்டை எடுத்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுத் தோட்டத்துக்குப் பறவைகளை வரவழைப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதற்கெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்குகிறீர்களே, முதலில் அதற்கு நன்றி. தானியம், தண்ணீர், கூடு கட்டப் பெட்டி எல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் பழம் என்று வந்தபோது, மிச்சமானதை வெட்டி வைத்தால் போதும் என்கிற அளவில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நம்பி எத்தனை பேர் இந்நேரம் தட்டு நிறையப் பழத்தை வெட்டிக் குவித்திருப்பார்களோ என்கிற கவலையில்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பழத்தைத் தானியம் மாதிரி நினைத்து வைக்கக் கூடாது. காய்ந்த தானியம் மழை படாமல் இருந்தால் இரண்டு நாள் தட்டில் கிடந்தாலும் தாங்கும். வெட்டிய பழம் தாங்காது. வெயில் ஏறினால் மதியத்துக்குள் புளிக்கத் தொடங்கும், ராத்திரியானால் யார் யாரோ வருவார்கள், மறுநாள் காலையில் பூஞ்சை பிடித்திருக்கும். அதனால் கொஞ்சமாக வையுங்கள், காலையில் வையுங்கள், மிச்சத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

பழம் வைக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கட்டாயம் வையுங்கள். தானியத்துக்கு வருவது சிட்டுக்குருவி, புறா, கிளி மாதிரி விதை தின்னும் கூட்டம். கொண்டைக்குருவி, குக்குறுவான், குயில், மாங்குயில் எல்லாம் நீங்கள் வருஷக்கணக்காகத் தானியம் போட்டாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது, விதையை உடைக்கிற அலகு அவற்றுக்கு இல்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் இதே கதைதான். வட அமெரிக்காவில் ஓரியோலும் தென் அமெரிக்காவில் டானஜர் குருவிகளும் ஆப்பிரிக்காவில் டுராக்கோவும் ஐரோப்பாவில் பிளாக்பேர்டும் பழத்தைப் பார்த்துத்தான் தோட்டத்துக்குள் இறங்குகின்றன. இலை மறைவில் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த பறவை பத்தடி தூரத்தில் வந்து உட்காருவதைப் பார்க்க வேண்டுமென்றால் பழத்தைவிட நல்ல வழி இல்லை.

பாதிப் பப்பாளியைக் கொண்டைக்குருவி தின்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? நேராகத் தட்டில் வந்து இறங்காது. முதலில் மேல் கிளை, அப்புறம் கீழ்க் கிளை, அப்புறம் தட்டின் விளிம்பு. ஒரு கொத்து, தலையைத் தூக்கி நாலு பக்கமும் ஒரு பார்வை, மறுபடி ஒரு கொத்து. சதையை மட்டும் சுரண்டிச் சுரண்டி எடுத்து, கடைசியில் தோல் மட்டும் மெல்லிய கிண்ணம் மாதிரி நிற்கும். போகும்போது அலகை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை கிளையில் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் போகும். குக்குறுவான் வேறு ரகம். தடித்த அலகை உள்ளே விட்டு ஒரு துண்டை அப்படியே பிய்த்து, அண்ணாந்து முழுங்கிவிட்டு, அடுத்த துண்டுக்குக் குனியும். அது தின்று முடிக்கும்வரை மற்றவை பக்கத்துக் கிளையில் காத்திருக்கும். மைனா ஜோடி வந்துவிட்டால் அந்தக் காத்திருப்பும் கிடையாது, தட்டு முழுவதும் அவற்றுடையதுதான். அதனால்தான் ஒரே பெரிய தட்டு வைப்பதைவிட, ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி இரண்டு மூன்று சின்னத் தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்வேன். கூச்சமுள்ள பறவைக்கும் ஒரு வாய் கிடைக்கும், நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதும் குறையும்.

சரி, பழம் இருப்பது பறவைக்கு எப்படித் தெரியும்? கண்ணால்தான். மனிதக் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை, பறவைகளுக்கு நான்கு வகை. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அவற்றில் பலவற்றுக்குத் தெரியும். சில கருநீலப் பழங்களின் மேல் மெல்லிய மாவு மாதிரி ஒரு மெழுகு படிந்திருக்குமே, அது புற ஊதாவைப் பிரதிபலிப்பதால் பச்சை இலைக்கு நடுவே அந்தப் பழம் பறவையின் கண்ணுக்குத் தனியாக எடுப்பாகத் தெரிகிறது. பறவைகள் தின்று பரப்பும் பழங்களில் சிவப்பும் கறுப்பும் அதிகமாக இருப்பதும் சும்மா இல்லை. பால்டிமோர் ஓரியோல் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார், அடர் நிறத்தில் நன்றாகப் பழுத்ததைத்தான் தேடும், பச்சைத் திராட்சை எவ்வளவு பழுத்திருந்தாலும் விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே பழத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஒரு மூலையில் வைப்பதைவிட, பாதியாக வெட்டி, வெட்டிய முகம் மேலே பார்த்தபடி, பறந்து போகிற பறவைக்குத் தெரிகிற உயரத்தில் வையுங்கள். ஆரஞ்சைப் பாதியாக வெட்டி ஒரு குச்சியில் செருகி வைத்தால் ஓரியோல் வருகிற நாடுகளில் அது போதும், வேறு ஏற்பாடே தேவையில்லை.

முதல் நாளே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். புது இடத்தில் இருக்கும் பழத்தைப் பறவை நம்புவதற்கு நாள் ஆகும், சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பில் பொறுமை இழந்து பழத்தை இன்னும் அதிகமாகக் கொட்டுவதுதான் நிறையப் பேர் செய்வது. வராத நாட்களில் அளவைக் குறையுங்கள், ஒரு துண்டு போதும், தினமும் புதிதாக, அதே நேரத்தில், அதே இடத்தில்.

எந்தப் பழம் என்று கேட்டால், உங்களுக்கு எது கிடைக்கிறதோ அது. பப்பாளி, வாழை, கொய்யா, மாம்பழம், ஆப்பிள், பேரிக்காய், தர்பூசணி, மாதுளை, அத்தி எல்லாமே ஆகும். நாம் தின்ன முடியாத அளவுக்குக் கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம் அவற்றுக்கு நல்ல விருந்து. கனிந்தது வேறு, அழுகியது வேறு. நமக்குப் புளித்த வாடை வந்தால், பூஞ்சை தெரிந்தால், அதைப் பறவைக்கும் வைக்கக் கூடாது, நேராக உரக்குழிக்குப் போகட்டும். வெளியில் வாங்கிய பழமென்றால் தோலை நன்றாகக் கழுவுங்கள், பூச்சிமருந்தின் மிச்சம் தோலில்தான் இருக்கும். திராட்சை சின்னப் பறவைக்குப் பெரிதாக இருக்கும், பாதியாக நறுக்குங்கள். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறப்போட்டு மெத்தென்று ஆன பிறகு வையுங்கள். இன்னொன்று, வீட்டில் நாய் இருந்தால் திராட்சை, உலர்திராட்சை இரண்டையுமே மறந்துவிடுங்கள். தட்டிலிருந்து சிதறிக் கீழே விழுவதை நாய் பொறுக்கித் தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழந்து போகலாம். நாய் வளர்ப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியவில்லை.

வைக்கவே கூடாதது அவகாடோ. அதில் இருக்கும் பெர்சின் என்கிற நச்சு பறவைகளின் இதயத்தைத் தாக்கும், கூண்டில் வளர்த்த கிளிகளும் கேனரிகளும் இதைத் தின்று செத்திருக்கின்றன. நமக்குச் சத்து, அவற்றுக்கு விஷம். ஆப்பிளின் விதையில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது, நடுப்பகுதியைத் தோண்டி எடுத்துவிடுங்கள். உப்பு மிளகாய்த்தூள் தூவிய பழம், சர்க்கரைப் பாகில் ஊறிய டப்பாப் பழம், ஊறுகாயிலிருந்து எடுத்தது, இதெல்லாம் மிச்சமாகிவிட்டதே என்பதற்காகத் தட்டுக்குப் போகக் கூடாது.

ஜாம் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஓரியோலுக்குத் திராட்சை ஜெல்லி வைப்பது பெரிய பழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாத்திரம் நிறைய வைத்தால் சின்னப் பறவை அதில் கால் வைத்து இறகெல்லாம் பிசுபிசுத்துப் பறக்க முடியாமல் போகும். வைத்தே தீர வேண்டுமென்றால் ஒரு ஸ்பூன் அளவுக்கு மேல் வேண்டாம், முழுப்பழம் இருக்கும்போது அதுவும் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இனிப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழம் தீர்ந்த அன்றைக்குச் சர்க்கரையைக் கரைத்து வைத்துவிடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. பாலூட்டிகளுக்கு இனிப்பை உணர்த்துகிற ஏற்பியை உண்டாக்கும் மரபணுக்களில் ஒன்று பறவைகளிடம் இல்லை. ஹம்மிங்பேர்டுகள் வேறொரு சுவைக்கான ஏற்பியை மாற்றிப் பயன்படுத்தி இனிப்பை உணர்கின்றன என்று 2014-இல் கண்டுபிடித்தார்கள், பாடும் பறவைகளும் தனியாக அதே மாதிரி ஒரு வழியைக் கண்டுகொண்டிருக்கின்றன என்று 2021-இல் தெரியவந்தது. ஆக, இனிப்பு தெரிகிறதா என்பது ஒரு பக்கம். செரிக்குமா என்பது இன்னொரு பக்கம். நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் சர்க்கரை சுக்ரோஸ். அதை உடைக்கிற நொதி ஐரோப்பிய ஸ்டார்லிங், அமெரிக்க ராபின் போன்ற பறவைகளின் குடலில் கிடையாது. நிறையக் குடித்தால் வயிற்றுப்போக்குதான். பறவைகள் விரும்பித் தின்னும் காட்டுப் பழங்களில் பெரும்பாலும் இருப்பது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், அது அப்படியே உடம்பில் சேரும். ஹம்மிங்பேர்டுக்கு ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர் என்கிற கணக்கு அந்தப் பறவைக்கு மட்டும்தான் பொருந்தும், பழம் தின்னிகளுக்கு அதைக் கொண்டுவராதீர்கள்.

எப்படி மாட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். ஆணியில் குத்தி வைப்பவர்கள், பழம் தீர்ந்த பிறகு ஆணியின் கூர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதை யோசிப்பதில்லை. குனிந்து கொத்துகிற பறவையின் கண் இருக்கும் உயரத்தில் அது நிற்கிறது. மரக்குச்சியோ மழுங்கிய முளையோ போதும். நூல், நைலான் கயிறு, வலைப்பை எதிலும் கட்டித் தொங்கவிடாதீர்கள், கால் சிக்கினால் அது தானாக விடுபட முடியாது. தட்டென்றால் ஓட்டை போட்ட தட்டாக இருக்கட்டும், சாறும் மழைநீரும் தேங்காமல் வடிந்துவிடும்.

எறும்பு வரும், வராமல் இருக்காது. கம்பத்தில் கிரீஸ் தடவச் சொல்லி நிறையப் பேர் யோசனை சொல்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அது பறவையின் இறகில் ஒட்டினால் கழுவிப் போகாது, இறகு ஒன்றோடொன்று ஒட்டிப் பறவைக்கு உடம்புச் சூட்டைக் காக்க முடியாமல் போகும். தொங்கவிடும் கம்பிக்கு நடுவே தண்ணீர் நிரப்பிய சின்னக் கிண்ணம் ஒன்றைக் கோத்துவிட்டால் எறும்பு தாண்டாது. அணிலுக்கு என்ன செய்வது என்று கேட்காதீர்கள், ஒரு துண்டைத் தள்ளி வைத்துவிடுங்கள், அதுவும் தின்றுவிட்டுப் போகட்டும். மிளகாய்த்தூள் தூவினால் அணில் வராது என்பது உண்மைதான். மிளகாயின் காரம் நம்மையும் அணிலையும் சுடுகிற மாதிரி பறவையைச் சுடாது, காட்டு மிளகாயை அவை தின்று விதையைப் பரப்புவதே அதனால்தான். ஆனால் தூள் காற்றில் பறந்து யார் கண்ணில் விழும் என்று சொல்ல முடியாது, வாசலில் விளையாடும் பிள்ளையின் கண்ணாகவும் இருக்கலாம்.

இப்போது சாயங்காலக் கதைக்கு வருகிறேன். வெட்டிய பழத்தில் ஈஸ்ட் வளர்ந்து சர்க்கரையைச் சாராயமாக மாற்ற அதிக நேரம் எடுக்காது. கொடியிலும் செடியிலும் அதிகம் கனிந்து நொதித்த பழங்களைத் தின்று வாக்ஸ்விங் பறவைகள் போதையில் தள்ளாடி, கண்ணாடியில் மோதிச் செத்தது பல தடவை பதிவாகியிருக்கிறது. தட்டில் புளித்துக் கிடப்பதும் அதே பழம்தான். பழ ஈ மொய்க்கும்போது அதைப் பிடிக்கச் சில பூச்சி தின்னிக் குருவிகள் வருவது உண்மை, ஹம்மிங்பேர்டுக்காகவே வாழைப்பழத்தோலைத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. அதற்காக மூன்று நாள் பழத்தை விட்டுவைக்க முடியாது.

இருட்டிய பிறகு எலி வரும். எலி தட்டோடு நிற்காது, வீட்டுக்குள்ளும் வரும். அப்புறம் பழந்தின்னி வௌவால். அவற்றின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, மரங்களை உண்டாக்குவதில் பறவைகளுக்குச் சமமான வேலையைச் செய்பவை அவை. ஆனால் 1998-99-இல் மலேசியாவில் முதலில் தெரியவந்த நிபா வைரஸ் இந்தப் பழந்தின்னி வௌவால்களிடம்தான் இயற்கையாக இருக்கிறது, அவற்றின் எச்சில் பட்ட பழம் வழியாக மனிதனுக்கு வர முடியும். வௌவால் கடித்ததாகத் தெரியும் பழத்தைத் தின்ன வேண்டாம், எறிந்துவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ராத்திரி முழுக்கத் தட்டில் இருந்த பழத்தைக் காலையில் குழந்தை எடுத்து வாயில் வைத்தால்? பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இருட்டுவதற்கு முன்னால் தட்டை உள்ளே எடுத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. கையுறை போட்டு எடுங்கள், இல்லையென்றால் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

கழுவுவதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரே தட்டில் பல பறவைகள் வாய் வைக்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு உலகம் முழுக்க உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-இல் ஹவுஸ் ஃபிஞ்ச் குருவிகளுக்குக் கண் வீங்கி மூடிக்கொள்கிற நோய் வந்தது, ஃபீடர்களின், அதாவது தீனி வைக்கும் கலங்களின், வழியாக ஊர் ஊராகப் பரவியது. பிரிட்டனில் 2005 முதல் டிரைக்கோமோனோசிஸ் என்கிற தொண்டை நோய் கிரீன்ஃபிஞ்ச் குருவிகளை வாரிக்கொண்டு போனது, எல்லாத் தோட்டத்திலும் இருந்த குருவி 2021-இல் அந்த நாட்டில் மிக அதிகக் கவலைக்குரிய பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் அமெரிக்காவில் பைன் சிஸ்கின் குருவிகளிடம் சால்மோனெல்லா என்கிற குடல் நோய்க் கிருமி பரவி, ஃபீடரைத் தொட்ட மனிதர்களுக்கும் வந்தது. இவையெல்லாம் விதை தின்னும் குருவிகளாயிற்றே, பழத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்தத் தொண்டை நோய்க் கிருமி காய்ந்த இடத்தில் சீக்கிரம் செத்துவிடும், ஈரத்தில்தான் பிழைத்திருக்கும். பழத்தட்டைவிட ஈரமான தட்டு எது?

ஆகவே தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ப்ளீச் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, வாடை போகிறவரை அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி வைக்கலாம். சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், அதற்கென்று தனி பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் மூடி, கிட்டப் போனாலும் பறக்காமல் ஒரு பறவை தட்டருகே உட்கார்ந்திருந்தால் அது நோயாளி. அன்றைக்கே எல்லாத் தட்டையும் எடுத்து, குறைந்தது இரண்டு வாரம் எதையும் வைக்காதீர்கள். அந்தப் பறவை பசியில் இருக்குமே என்று மனசு கேட்காது, எனக்கும் கேட்காது. ஆனால் தட்டு இருக்கும்வரை மற்றவையும் அங்கேதான் வந்து கூடும்.

இடம் பார்ப்பதில் இரண்டு ஆபத்து, கண்ணாடியும் பூனையும். ஜன்னல் கண்ணாடியில் வானமும் மரமும் தெரிவதைப் பார்த்து நிஜம் என்று நினைத்துப் பறவை பாய்கிறது. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி வரை பறவைகள் கட்டடங்களில் மோதிச் சாவதாக 2014-இல் ஒரு மதிப்பீடு வந்தது. தட்டை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அவ்வளவு கிட்டத்திலிருந்து கிளம்பினால் மோதினாலும் வேகம் இருக்காது. இல்லையென்றால் பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் வைப்பதுதான் மோசம். கண்ணாடியில் ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுவதால் பயன் இல்லை, ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் வெளிப்பக்கம் முழுக்கப் புள்ளிகளோ கோடுகளோ இருந்தால்தான் பறவை அதைத் தடையாகப் பார்க்கும். பூனையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பதுங்குகிற புதரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி, ஆளுயரத்துக்கு மேல் தட்டு இருக்கட்டும். உங்கள் வீட்டிலேயே பூனை வெளியே சுற்றுமென்றால் தட்டு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தின்ன வா என்று கூப்பிட்டுப் பூனை வாயில் கொடுப்பது பாவம்.

இதெல்லாம் செய்தால் பறவைகள் சோம்பேறியாகிவிடாதா, தானாகத் தேடித் தின்ன மறந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் சிக்கடீ குருவிகளை வைத்து இதைச் சோதித்து 1992-இல் எழுதியிருக்கிறார்கள். பல வருஷமாக ஃபீடர் இருந்த இடத்தில் அதை எடுத்துவிட்ட பிறகும், ஃபீடரையே பார்க்காத குருவிகளுக்குச் சமமாக அவையும் குளிர்காலத்தைத் தாண்டின. அதனால் நீங்கள் ஊருக்குப் போகும்போது குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆனால் நீண்ட காலத்தில் மாற்றமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மத்திய ஐரோப்பாவின் பிளாக்கேப் குருவிகளில் ஒரு பகுதி குளிர்காலத்துக்குத் தெற்கே போவதை விட்டு பிரிட்டனுக்குப் போகத் தொடங்கிவிட்டது. அங்கே தோட்டத்தில் வைக்கும் தீனியும், இளகிவரும் குளிர்காலமும் இதற்குக் கைகொடுத்தன. போகும் திசை அவற்றின் பரம்பரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதும் சோதனையில் தெரிந்தது. நாம் வீட்டுப் பின்பக்கம் வைக்கும் ஒரு துண்டு ஆப்பிள், கண்டம் தாண்டும் பறவையின் பாதையோடு சம்பந்தப்பட்டது. அதை அலட்சியமாகச் செய்யக் கூடாது என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

குஞ்சு பொரிக்கும் காலத்தில் தட்டில் கூட்டம் குறையும், பயப்படாதீர்கள். பழம் தின்னும் பறவைகளே பெரும்பாலும் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் கொண்டுபோகும், பழத்தில் புரதம் போதாது. கரோலினா சிக்கடீ ஜோடி ஒரு ஈட்டுக் குஞ்சுகளைப் பறக்கவிடுவதற்குள் 6,000 முதல் 9,000 கம்பளிப்புழுக்களைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு கை கொள்ளும் அளவுக்குக்கூட இல்லாத குருவிக்கு இந்த வேலை. அந்தத் தோட்டத்தில் நாம் பூச்சிமருந்து அடித்துவிட்டு, தட்டில் பப்பாளி வைத்து என்ன பயன்? இலையில் ஓட்டை விழுந்திருக்கிறதா, விழட்டும்.

தண்ணீரைக் கட்டுரையில் நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஆழம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், தினமும் மாற்றுங்கள், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் விளிம்பைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். சில வகைக் கொசுக்களின் முட்டை விளிம்பில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் கொட்டினால் போகாது.

கடைசியாக மரம். இடம் இருப்பவர்கள் தட்டோடு நிற்க வேண்டாம். ஆல், அத்தி, அரசு என்று அத்தி இனத்து மரங்களின் பழத்தை உலகம் முழுக்க 1,200-க்கும் மேற்பட்ட பறவை, பாலூட்டி இனங்கள் தின்கின்றன, வேறெந்த மர இனத்துக்கும் இவ்வளவு விருந்தாளிகள் இருக்கிறார்களா என்பது சந்தேகம். சுவர் பக்கத்தில் மட்டும் நடாதீர்கள், வேர் சுவரைப் பிளந்துவிடும். சின்ன இடமென்றால் மல்பெரி போதும். எதை நட்டாலும் உங்கள் மண்ணுக்குரியதாக இருக்கட்டும். உண்ணிச்செடி அழகாகப் பூக்கிறது, பறவையும் வருகிறது என்று நட்டவர்களால்தான் அது பல நாடுகளில் காட்டை மூடிக்கொண்டு நிற்கிறது, விதையைக் கொண்டுபோய் விதைத்தது அதே பறவைகள்தான்.

ஏற்கெனவே பழமரம் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள், இதை மட்டுமாவது வெளியிடுங்கள். பழத்தைக் காக்க மரத்தின் மேல் பெரிய கண் உள்ள நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்தாதீர்கள். பறவை, வௌவால், பாம்பு என்று எல்லாம் அதில் சிக்கி, யாரும் பார்க்காத நேரத்தில் நாள் முழுக்கத் துடித்துச் சாகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல் வீட்டுப் பழமர வலையின் கண், இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். சுலபமான சோதனை, விரல் உள்ளே நுழைந்தால் அந்த வலை வேண்டாம். தாழ்ந்த கிளைப் பழங்களுக்குத் துணிப்பை கட்டிக்கொள்ளுங்கள், கைக்கு எட்டாத உச்சிக் கிளையில் இருப்பதைப் பறிக்காமல் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்